ஊர்ப் பெரியவர்களின் வாழ்க்கையைப் பதிவு செய்யும்போது எதை நம்பி எழுதுவது?

நீங்கள் கேட்டிருப்பது இது. உங்கள் ஊரில் எண்பதைத் தாண்டியவர்கள் இருபது பேர் போல இருக்கிறார்கள். போன வருடம் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். மிச்சம் இருப்பவர்களின் வாழ்க்கையையாவது எழுதி வைக்க வேண்டும். என்ன கேள்வி கேட்பது, எந்தக் கருவி வாங்குவது, மறதி நோய் உள்ளவரிடம் எப்படிப் பேசுவது, இறந்துபோன அந்த இரண்டு பேருக்கு இனி ஏதாவது செய்ய முடியுமா? இவற்றோடு ஒரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள்: “ஒரே சம்பவத்தை ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள், எதை நம்பி எழுதுவது?” உங்களை உண்மையில் தடுத்து நிறுத்தியிருப்பது அந்த வரிதான் என்று எனக்குப் படுகிறது. கருவியும் கேள்விப் பட்டியலும் ஒரு நாளில் தீர்கிற விஷயம். நம்பலாமா வேண்டாமா என்ற சந்தேகம்தான் பல பேரைப் பாதியில் விடச் செய்கிறது. நான் வாய்மொழி வரலாறு படித்தவன். பதினெட்டு வருடமாகக் கிராமங்களில் வயதானவர்களின் பேச்சைப் பதிவு செய்து வருகிறேன். அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன்.

“உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க” என்று தொடங்காதீர்கள். அப்படிக் கேட்டால் கிடைப்பது மூன்று வரி. எண்பத்தாறு வயதுப் பாட்டி ஒருவர், “என்னத்தைச் சொல்ல? மாடு மேய்ச்சேன், வாக்கப்பட்டு வந்தேன், புள்ளைங்களை வளர்த்தேன், அவ்வளவுதான்” என்று எனக்குச் சொல்லி முடித்துவிட்டார். கருவியை அணைக்கப் போன நேரத்தில் வாசல் ஓரத்தில் ஒரு பழைய கயிறு கிடந்தது. “இது வாங்கினதா பாட்டி?” என்றேன். “வாங்குறதா!” என்று சிரித்துவிட்டு, உள்ளே இருந்து நார் எடுத்து வரச் சொன்னார். ஒரு நுனியைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு, இரண்டு புரியையும் தனித்தனியாக ஒரே பக்கம் முறுக்கினார். அப்புறம் இரண்டையும் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கினார். “ரெண்டையும் ஒரே பக்கமா விட்டா அவிழ்ந்து போயிரும். எதிர்த்து முறுக்கினாத்தான் ஒண்ணை ஒண்ணு புடிச்சிக்கும்” என்றார். கை ஓட ஓடப் பேச்சும் ஓடியது. யார் கற்றுக்கொடுத்தது, அப்போது என்ன வயது, ஒரு நாளைக்கு எத்தனை முழம், எந்தக் கயிறு அறுந்து பசு கிணற்றில் விழுந்தது, அதற்காக அப்பாவிடம் வாங்கிய அடி, அடித்த அப்பா அன்று இரவு சாப்பிடாமல் படுத்தது. ஒன்றரை மணி நேரம் பேசினார். அந்தப் பதிவில் அவர் பேசாத இடங்களில் உள்ளங்கையில் நார் உரசுகிற சத்தம் கேட்கும்.

அன்றிலிருந்து நான் வாழ்க்கையைக் கேட்பதில்லை, வேலையைத்தான் கேட்கிறேன். இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் பிளாக்ஸால் என்ற சிற்றூரில் குடியிருந்த ஜார்ஜ் எவர்ட் எவன்ஸ், பக்கத்து வீட்டு ஆடு மேய்ப்பவரிடமும் பழைய பண்ணைத் தொழிலாளிகளிடமும், இயந்திரங்கள் வருவதற்கு முன் வேலை எப்படி நடந்தது என்று கேட்டுக் கேட்டு எழுதி, 1956-இல் புத்தகமாகப் போட்டார். அதற்கு 8 வருடம் முன்பு, 1948-இல், ஆலன் நெவின்ஸ் என்ற வரலாற்றாசிரியர் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாய்மொழி வரலாற்றுக்கென்று ஒரு திட்டத்தைத் தொடங்கியிருந்தார். அங்கே பெரும்பாலும் பதவியில் இருந்தவர்களைக் கூப்பிட்டுப் பேச வைத்தார்கள். பெரிய பதவியில் இருந்தவருக்குத் தன் வாழ்க்கையைக் கதையாகச் சொல்லிப் பழக்கம் உண்டு. உழுது, அறுத்து, மேய்த்து வாழ்ந்தவரிடம் யாரும் அப்படிக் கேட்டதே இல்லை. அவருக்குச் சொல்லத் தெரியாது என்று நாம் நினைத்துவிடுகிறோம். கேட்கிற விதம்தான் அவருக்குப் பழக்கமில்லாதது. கலப்பையில் எந்தப் பாகம் முதலில் தேயும், மழை வரப்போகிறது என்று எதைப் பார்த்துச் சொல்வீர்கள், பிரசவம் என்றால் ராத்திரியில் யாரைப் போய் எழுப்புவீர்கள் என்று கேளுங்கள். பதிலுக்குள் அவர் வாழ்க்கை தானாக வந்து உட்காரும்.

எந்த வயதுக் காலத்தைக் கேட்பது என்பதும் முக்கியம். வயதானவர்களின் நினைவுகளை ஆராய்ந்தவர்கள் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள்: சுமார் 10 வயதிலிருந்து 30 வயது வரையிலான காலம் மற்ற காலங்களைவிட அதிகமாக நினைவுக்கு வருகிறது. முதல் வேலை, முதல் சம்பளம், கல்யாணம், முதல் குழந்தை, ஊரை விட்டுப் போனது எல்லாம் அந்தக் காலத்தில்தானே நடக்கின்றன. நாற்பதுகளையும் ஐம்பதுகளையும் கேட்டால் பல பேர் சட்டென்று தாண்டிப் போய்விடுவார்கள். அதை மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். என் அனுபவத்தில் தைரியமாக நம்பலாம் என்பது, ஒரு வேலை எப்படிச் செய்யப்பட்டது என்பதைத்தான். ஆயிரம் தடவை செய்த வேலையைக் கை மறப்பதில்லை. இடங்களும் பெரும்பாலும் சரியாக இருக்கும். கிணறு எங்கே இருந்தது, எந்த வீட்டுக்கு அடுத்து எந்த வீடு என்பதை ஒரு தாளில் வரையச் சொன்னால் நான்கு பேர் வரைவதும் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். வருடங்களை நம்பாதீர்கள். வயதையும் அப்படியே எழுதாதீர்கள். பிறந்த தேதி எழுதி வைக்காத தலைமுறையிடம் வயது கேட்டால், எண்பது, எண்பத்தைந்து, தொண்ணூறு என்று 0-இலும் 5-இலும் முடிகிற எண்ணாகவே வரும். மக்கள்தொகைக் கணக்கு எடுப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதை அளப்பதற்கென்றே விப்பிள் குறியீடு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அதனால் வருடம் கேட்காமல், எதற்கு முன், எதற்குப் பின் என்று கேளுங்கள். “வெள்ளம் வந்தப்போ மூத்தவன் பிறந்துட்டானா?” “இல்ல, வயித்துல இருந்தான்.” மூத்த மகனின் பள்ளிச் சான்றிதழ் வீட்டில் இருந்தால் வெள்ளம் வந்த வருடம் ஓரளவு பிடிபட்டுவிடும். ஓரளவுதான், பள்ளியில் சேர்க்கும்போது சொல்கிற வயதும் உத்தேசமாக இருப்பதுண்டு. வெள்ளம், வறட்சி, மின்சாரம் வந்தது, முதல் பேருந்து என்று ஊருக்குப் பொதுவான ஒரு காலக்கோட்டை முதலில் போட்டுக்கொண்டு, ஒவ்வொருவர் சொல்வதையும் அதில் பொருத்திக்கொண்டே போங்கள்.

ரொம்பவும் கவனமாக இருக்க வேண்டிய இடம், தான் கண்டதும் கேள்விப்பட்டதும் கலந்துபோகிற இடம். அம்மா சொன்ன கதையை எழுபது வருடமாக மனதுக்குள் பார்த்துவந்தவர், நேரில் பார்த்தது போலவே சொல்வார். அது பொய் இல்லை. “அப்போ நீங்க எங்க நின்னுக்கிட்டிருந்தீங்க?” என்று மெதுவாகக் கேட்டால் போதும், “நான் எங்க பிறந்தேன் அப்போ!” என்று அவரே பிரித்துச் சொல்லிவிடுவார். எழுதும்போது நேரில் கண்டது, பிறர் சொல்லிக் கேட்டது என்ற இரண்டையும் ஓரத்தில் குறித்து வையுங்கள். பிற்காலத்தில் படிக்கிறவருக்கு நீங்கள் செய்கிற பெரிய உதவி அந்தக் குறிப்புதான்.

சரி, இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால்? இரண்டையும் எழுதுங்கள். தயவுசெய்து சேர்த்து ஒன்றாக்கிவிடாதீர்கள். இத்தாலியில் டெர்னி என்ற எஃகு ஆலை ஊரில், லூயிஜி டிராஸ்டுல்லி என்ற இளம் தொழிலாளி 1949 மார்ச்சில், நேட்டோ என்ற ராணுவக் கூட்டணி ஒப்பந்தத்துக்கு எதிரான ஊர்வலத்தில் போலீஸ் நடவடிக்கையின்போது இறந்தார். பல வருடம் கழித்து அலெஸ்ஸாண்ட்ரோ போர்தெல்லி என்ற வாய்மொழி வரலாற்றாளர் அங்கே போய் விசாரித்தபோது, பல பேர் அந்தச் சாவை 1953-இல், ஆலையில் ஆயிரக்கணக்கானவர்களை வேலையை விட்டு அனுப்பியபோது நடந்த போராட்டத்தோடு சேர்த்துச் சொன்னார்கள். தேதி தவறு. ஆனால் அந்தத் தவறு தற்செயலானது இல்லை. ஒரு சக தொழிலாளியின் சாவு, தங்கள் வாழ்க்கையைப் புரட்டிப் போட்ட பெரிய போராட்டத்தில் நடந்திருந்தால்தான் அவர்களுக்குப் பொருள் இருந்தது. போர்தெல்லி தவறைத் திருத்தி ஒதுக்கிவிடாமல், ஏன் இப்படி நினைவில் நின்றது என்று கேட்டார். உங்கள் ஊரிலும் ஒரே சண்டையை, ஒரே தீ விபத்தை இரண்டு தெருக்காரர்கள் இரண்டு விதமாகச் சொல்வார்கள். எது நடந்தது என்பதைத் தாள்களையும் கல்வெட்டுகளையும் கொண்டு முடிந்தவரை தேடுங்கள். யாருக்கு எப்படி நினைவிருக்கிறது என்பதை அவர்கள் சொன்னபடியே வையுங்கள். அது வேறு ஒரு உண்மை, அதைச் சொல்ல அவர்களை விட்டால் ஆள் கிடையாது.

யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தும் பதில் மாறும். அமெரிக்காவில் 1936 முதல் 1938 வரை, அடிமைகளாக இருந்து விடுதலையானவர்களைத் தேடிப் போய், அரசுத் திட்டம் ஒன்றின் கீழ் 17 மாநிலங்களில் 2,300-க்கும் மேற்பட்டவர்களின் வாய்மொழியை எழுதி வைத்தார்கள். அதில் சார்ல்ஸ்டன் நகரத்து மூதாட்டி ஒருவர் இரண்டு முறை பேட்டி கொடுத்திருக்கிறார். வெள்ளைக்காரப் பெண் போய்க் கேட்டபோது எஜமானர் நல்லவர் என்றார். கறுப்பினத்தவர் ஒருவர் போய்க் கேட்டபோது சவுக்கடியையும், பிள்ளைகளைப் பிரித்து விற்றதையும் சொன்னார். உங்கள் குடும்பம் ஊரில் நிலம் வைத்திருந்த குடும்பமா, கூலிக்குப் போன குடும்பமா? இதை நீங்கள் யோசித்தே ஆக வேண்டும். உங்களுக்குச் சொல்ல முடியாததை உங்கள் நண்பரிடம் சொல்வார்கள் என்றால் அவரை அனுப்புங்கள். பெண்களிடம் பேசும்போது மகனோ கணவரோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் பேச்சு வேறு மாதிரி ஆகிவிடும். நான் பார்த்த பல வீடுகளில், “அவளுக்கு என்ன தெரியும், நான் சொல்றேன்” என்று ஒரு குரல் உள்ளே வந்திருக்கிறது. அப்போது அவர் சொல்வதையும் மரியாதையாகக் கேட்டுப் பதிவு செய்துவிட்டு, இன்னொரு நாள் அவர் வெளியே போகிற நேரமாகப் பார்த்துப் போவேன்.

கேள்வியில் பதிலை வைத்துக் கேட்காதீர்கள். எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 1974-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு கார் விபத்துப் படத்தைக் காட்டிவிட்டு, கார்கள் “இடித்தபோது” எவ்வளவு வேகம் என்று சிலரிடமும், “நொறுங்க மோதியபோது” எவ்வளவு வேகம் என்று சிலரிடமும் கேட்டார்கள். இரண்டாவது கூட்டம் அதிக வேகம் சொன்னது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படத்தில் இல்லவே இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னவர்களும் அந்தக் கூட்டத்தில்தான் அதிகம். ஒரு நிமிடம்கூட ஓடாத படத்துக்கே இப்படி என்றால், எழுபது வருடத்துக்கு முந்தைய விஷயத்தில் “ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பீங்களே?” என்று கேட்பது என்ன செய்யும் என்று பாருங்கள். ஆரம்பத்தில் நான் அப்படித்தான் கேட்டேன். எல்லோரும் ஆமாம் என்றார்கள். அந்தப் பேட்டிகளில் கஷ்டம் இருக்கிறது, மனிதர்கள் இல்லை. “அன்னிக்குக் காலையில எழுந்து முதல்ல என்ன செஞ்சீங்க?” என்று கேட்டால் போதும். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். ஐந்து நொடி மௌனம் நமக்கு நீளமாகத் தெரியும். அவர் அப்போது உள்ளே தேடிக்கொண்டிருக்கிறார்.

கருவி விஷயத்தைச் சுருக்கமாக முடிக்கிறேன். உங்கள் கைபேசியே போதும், விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். முடிந்தால் சட்டையில் குத்துகிற சின்ன ஒலிவாங்கி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் நிறுத்தச் சொல்லுங்கள். சுருக்கப்பட்ட எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாகப் பதியுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒற்றைத் தடம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 520 மெகாபைட் ஆகும். மூன்று பிரதி வையுங்கள், அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். பதிவின் தொடக்கத்திலேயே தேதி, இடம், பேசுகிறவர் பெயர், உங்கள் பெயர் எல்லாவற்றையும் குரலில் சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் மாறினாலும் அது அழியாது. வயதானவர்களுக்கு முதலில் கேட்காமல் போவது உயர்ந்த சுருதி. அதனால் கத்தினால் பயன் இல்லை. முகம் தெரிகிற மாதிரி எதிரே உட்கார்ந்து, தாழ்ந்த சுருதியில், நிதானமாகப் பேசுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மணி நேரம் தாண்ட வேண்டாம்.

குரலை மட்டும் நீங்களாக எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள். இந்த இடத்தில் நான் செய்த தவறைச் சொல்லியாக வேண்டும். முதல் இரண்டு வருடம், பேச்சை எழுதி முடித்ததும் நாடாவின் மேலேயே அடுத்த பேட்டியைப் பதிந்தேன். நாடா வாங்கக் காசு பற்றாக்குறை. எழுதியதிலும் கொச்சையை நீக்கி, நல்ல தமிழாக்கி வைத்தேன். ஒரு அம்மா இறந்து மூன்று மாதம் கழித்து அவர் மகள் என்னிடம் வந்தார். தட்டச்சு செய்த பதினோரு பக்கத்தையும் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். “எங்கம்மா இப்படிப் பேச மாட்டாளே. அவ ஒவ்வொரு பேச்சுக்கும் ‘கேட்டியா’ம்பா. அது எங்க?” என்றார். அப்புறம், “குரல் இருக்கா?” என்று கேட்டார். என்னிடம் இல்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, தாள்களை நான்காக மடித்து எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு ஒரு ‘கேட்டியா’வைக்கூட நான் வெட்டியதில்லை. ஒரு மணி நேரப் பேச்சைச் சொல்லுக்குச் சொல் எழுத எனக்கு ஆறு மணி நேரம் ஆகிறது. உங்களுக்கு நேரம் இல்லையென்றால் எழுதுவதைத் தள்ளிப்போடுங்கள், பதிவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இருபது பேரையும் நீங்கள் ஒருவரே பார்ப்பது சிரமம் என்றால் பள்ளிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அயர்லாந்தில் 1937 முதல் 1939 வரை சுமார் 5,000 தொடக்கப்பள்ளிகளைச் சேர்ந்த 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள், வீட்டிலும் பக்கத்திலும் இருந்த பெரியவர்களிடம் கேட்டுத் தங்கள் நோட்டுகளில் எழுதினார்கள். அந்த நோட்டுகள் இன்று வரை காப்பாற்றப்பட்டு, இணையத்தில் யாரும் படிக்கலாம் என்ற நிலையில் இருக்கின்றன. பெரியவர்கள் நம்மிடம் சொல்லாததைப் பேரப்பிள்ளையிடம் சொல்வார்கள். எல்லாம் தெரிந்த ஆள் என்று நினைத்து நம்மிடம் விட்டுவிடுகிற சின்ன விஷயங்களை, ஒன்றும் தெரியாத பிள்ளைக்குப் பொறுமையாக விளக்குவார்கள்.

அனுமதியை இரண்டு தடவை வாங்குங்கள். பேசுவதற்கு முன்னால் ஒரு தடவை, பேசியதைப் போட்டுக் காட்டிய பிறகு ஒரு தடவை. இரண்டாவதுதான் உண்மையான அனுமதி. நிலத் தகராறு, யாரோ ஒருவர் ஓடிப்போனது, குடும்பத்துக்குள் நடந்த அடிதடி எல்லாம் பேச்சு வேகத்தில் வந்துவிடும். பேசியவரும் அவர் பிள்ளைகளும் அதே ஊரில்தான் நாளைக்கும் நடமாட வேண்டும். “இதை நான் போனப்புறம் போடு” என்று ஒருவர் சொன்னால் அப்படியே எழுதி, உறையில் போட்டு வையுங்கள். எடுத்துவிடு என்று சொன்னால் எடுத்துவிடுங்கள், அது எவ்வளவு நல்ல பகுதியாக இருந்தாலும்.

மறதி நோய் உள்ளவரைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நான் மருத்துவன் இல்லை, அதனால் அவரைப் பார்த்துக்கொள்கிறவர்களைக் கேட்காமல் உட்காராதீர்கள். வயதான காலத்தில் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது பிதற்றல் இல்லை, அது இயல்பான, தேவையான ஒரு மன வேலை என்று ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர் 1963-இல் எழுதினார். அதன் பிறகுதான் பழைய நினைவுகளைப் பேச வைப்பதை ஒரு சிகிச்சையாகவே பல இடங்களில் நடத்தத் தொடங்கினார்கள். பேசினால் மறதி குறையும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடுகிற காக்ரன் அமைப்பின் 2018 ஆய்வுத் தொகுப்பு, பலன் சிறியது, இடத்துக்கு இடம் மாறுகிறது என்றுதான் சொல்கிறது. எனக்குத் தெரிந்தது வேறு: ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிற தாத்தாவை ஐந்து முறை பதிந்திருக்கிறேன். நான்காவது முறைதான் அந்தக் கதையில் அவருடைய தம்பி வந்தான். “இதைத்தான் சொல்லிட்டீங்களே” என்று முதலிலேயே நிறுத்தியிருந்தால் அவன் வந்திருக்க மாட்டான். பழைய நினைவு அழுகையாக மாறினால் கருவியை அணைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். உடனே எழுந்து வந்துவிடாதீர்கள்.

போன வருடம் இறந்த இரண்டு பேருக்கு இனி ஒன்றும் செய்ய முடியாது என்று நினைக்காதீர்கள். அவர்களோடு வேலை செய்தவர்கள், சண்டை போட்டவர்கள் என்று இரண்டு மூன்று பேரை ஒன்றாக உட்கார வைத்து, இறந்தவர் பயன்படுத்திய பொருள் எதையாவது நடுவில் வையுங்கள். அரிவாள், ஊன்றுகோல், பெட்டி, எதுவானாலும் சரி. ஒருவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் திருத்துவார், அந்தத் திருத்தங்களையும் பதியுங்கள். மேலே “பிறர் சொன்னது” என்று தெளிவாகப் போட்டுவிடுங்கள். அவர்கள் வீட்டில் இருக்கிற புகைப்படங்களைக் கேட்டு வாங்கி, யார் யார் என்று இப்போதே, அடையாளம் தெரிந்தவர்கள் இருக்கும்போதே, பென்சிலால் பின்பக்கம் மெதுவாக எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும். இந்த வாரம் முதலில் செய்ய வேண்டியது அதுதான். அதை முடித்துவிட்டு, இருபது பேரில் ரொம்பவும் தளர்ந்திருப்பவர் வீட்டுக்கு, காலையில், அவர் தெளிவாக இருக்கிற நேரமாகப் பார்த்துப் போங்கள்.